என் போனில் இருந்த அவள் கை

இதை எழுத எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. மூன்று முறை நோட்டில் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து பேனா நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு சின்னப் பொய்யை வைத்தால் மேலே ஓடும், வைக்காவிட்டால் ஓடாது. இந்த முறை வைக்காமல் எழுதிப் பார்க்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி வீங்கி, ராத்திரியில் காலை மடக்க முடியாமல் முனகுவார். இலவசமாக வைத்தியம் பார்க்கிற ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் காலையில் அவரை அழைத்துப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களும் இருப்பதை வைத்துக்கொண்டு பாடுபட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

அன்றைக்குப் பிரதோஷம். என் மகளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனதால், பதினோரு பிரதோஷம் சிதம்பரம் கோயிலுக்கு வந்து கும்பிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பத்து முடிந்து அது பதினோராவது. இடையில் ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதோடு, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் தலைக்குக் குளிக்காமல் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே காலையில் எழுந்ததிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. எத்தனை மணிக்கு டாக்டர், எத்தனை மணிக்கு வீடு, எத்தனை மணிக்குக் குளியல், எந்த பஸ் என்று உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவருக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு பெஞ்சு, அறைக்குள்ளே ஒரு மேஜை. மேஜைமேல் பழைய டிவி மாதிரி பின்பக்கம் பிதுங்கிய ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. முன்பக்கக் கண்ணாடி முட்டை மாதிரி வளைந்திருந்தது. தட்டுகிற பலகையில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. பெட்டிமேல் யாரோ ஒரு விநாயகர் படத்தை ஒட்டிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பிலிம் வருவது நின்று ரொம்ப நாளாகிவிட்டதாம். எலும்பு அந்தக் கண்ணாடியில் தெரியும், நம் போனில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், அதை அடுத்த கட்டடத்து மாடியில் இருக்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதுதான் அங்கே முறை.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு இடுப்பு வலி வந்தபோது தம்பி காசு கொடுத்துத் தனியார் சென்டரில் பார்க்க வைத்தான். அங்கே ஏசி அறை. பெரிய உறைக்குள் கறுப்பு பிலிம், மேலே என் பெயர் இங்கிலீஷில் அச்சடித்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி கையில் கொடுத்தார்கள். என் இடுப்புக்கு அத்தனை மரியாதை. இங்கே அந்த அறை வாசலில் ஜனங்கள் தாமாகவே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். டச் போன் வைத்திருப்பவர்கள் கதவுக்குப் பக்கத்தில். பட்டன் போன் வைத்திருப்பவர்களும் போனே இல்லாதவர்களும் சுவரோரம். சுவரோரம் நின்றவர்கள் எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் முட்டியைப் போட்டோ எடுத்தேன். அவர் நொண்டிக்கொண்டே டாக்டர் வரிசையில் போய் உட்கார்ந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சுவரோரத்திலிருந்து ஒரு பெண் வந்து முந்தானையைத் தொட்டாள்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு புடிச்சிக் குடுக்குறீங்களா? எங்கிட்ட அந்த போன் இல்ல."

நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும். வலது மணிக்கட்டு பூசணி மாதிரி வீங்கியிருந்தது. கிள்ளையிலிருந்து வருவதாகச் சொன்னாள். இறால் உரிக்கிற கொட்டகையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவள். கடலூரில் நாத்தனார் வீடு இருக்கும் தைரியத்தில் முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். என்னைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தாளாம். ஒருவர் போனில் சார்ஜ் இல்லை என்றாராம், இன்னொருவர் காதில் விழாத மாதிரி போய்விட்டாராம்.

எக்ஸ்ரே எடுப்பவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "ஏம்மா, வளையலைக் கழட்டு!"

"வீங்கிக்கிச்சு சார், வர மாட்டேங்குது."

"சோப்புப் போட்டுப் பாத்தியா?"

"போட்டேன் சார். சோப்புதான் தீந்துபோச்சு."

உள்ளே இருந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மேல தள்ளிக்கிட்டு அப்படியே வை" என்றார்.

திரையில் கை வந்தது. ஐந்து விரலும் மரக்குச்சி மாதிரி வெள்ளையாக. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு எலும்பு விலகி நின்றது எனக்கே தெரிந்தது. அதற்கு மேலே ஒரு இரும்பு வளையல், வளையலில் நாலு ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வேலை செய்யும் பொம்பளைகள் அவசரத்துக்கு வளையலில் ஊக்கு மாட்டி வைப்போமே, அதுதான். நான் போட்டோ எடுத்தேன். கை நடுங்கிவிட்டதோ என்று இன்னொன்றும் எடுக்கப் போனேன்.

"எடுத்தாச்சா? அடுத்த ஆளைப் போட்டா இது போயிடும். பொட்டியில நிக்காது" என்றார் அவர். எடுத்தாயிற்று என்று தலையை ஆட்டினேன். கை மறைந்து வேறு யாருடைய நெஞ்சுக்கூடோ வந்தது.

"நீ போயி டாக்டர் லைன்ல உக்காரும்மா. நான் அவரைப் பாத்துட்டு வந்து உன்கூட நின்னு போனைக் காட்டறேன்" என்று சொன்னேன். அவள் இடது கையால் கும்பிடு போடுகிற மாதிரி நெஞ்சில் வைத்தாள்.

இனிமேல்தான் அந்த இடம் வருகிறது.

நான் போனபோது என் வீட்டுக்காரர் முறை வந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். போன் என்னிடம் இருந்ததால் போட்டோவைக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள், காட்டினேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வாங்கித் திரும்பியபோது பதினொன்றரை. எலும்பு டாக்டர் வரிசையில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் இன்னும் பதினைந்து பேராவது இருந்தார்கள். "நேரமாவுது, எனக்கு நிக்க முடியல, வா" என்றார் இவர். வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ இரண்டு ஆள் குறைவாக நின்றுகொண்டிருந்தது.

வீட்டில், உறவில், எல்லோரிடமும் நான் சொன்னது, "அவசரத்துல மறந்துட்டேன்" என்பதுதான். மறக்கவில்லை. ஆட்டோவில் காலை வைக்கும்போது எனக்கு அந்தக் கை நினைவில் இருந்தது. ஒருமுறை திரும்பியும் பார்த்தேன். அவள் மறுபடி எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளட்டும், வேறு யாராவது போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள், என் வேண்டுதல் பதினோராவது, சுவாமி விஷயம் என்று மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். பெட்டியில் நிற்காது என்று அந்த மனிதர் சொன்னதும் காதில் இருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தலைக்குக் குளித்தேன். இரண்டு சொம்பு கூடுதலாகவே ஊற்றிக்கொண்டேன். பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் இறங்கியபோது மணி மூன்றரை. நாலரைக்குத்தான் பிரதோஷம். ஒரு மணி நேரம் பிராகாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். அதை ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அவள் முறை வந்திருக்கும்.

நந்திக்கு அபிஷேகம் நடந்தது. பாலும் பன்னீரும் ஊற்றும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஆனால் என் பத்து விரலையும் சேர்த்துக் கும்பிடும்போதெல்லாம் தோலுக்கு அடியில் இருக்கும் எலும்புதான் நினைவுக்கு வந்தது. நடராஜர் சன்னதியில் தீபாராதனை காட்டினார்கள். பயப்படாதே என்று அவர் தூக்கிக் காட்டுகிற கை ஒன்று இருக்கிறதே, எப்போதும் அதைப் பார்த்துத்தான் நான் வேண்டிக்கொள்வேன். அன்றைக்கு அதைப் பார்க்காமல் கீழே பார்த்தே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்று இரவு தங்க அண்ணாமலை நகரில் என் கொழுந்தன் வீட்டுக்குப் போனோம். அவர் மாணவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனசு. எங்கே அநியாயம் கண்டாலும் போனில் நாலு பேருக்கு அனுப்பாமல் இருக்க மாட்டார். அண்ணன் முட்டியைக் காட்டச் சொல்லி என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் அடுத்த படத்தில் நின்றுவிட்டார்.

"அண்ணி, என்னா அண்ணி இது! பொட்டி கம்ப்யூட்டரா? இந்தக் காலத்துலயா?"

"அது வேற ஒருத்தவங்களோடது. விடுங்க."

"அத வுடுங்க அண்ணி. அந்த மிஷினப் பாருங்க. பணக்காரனுக்கு ஒரு எலும்பு, ஏழைக்கு ஒரு எலும்பா? சூப்பரா எடுத்திருக்கீங்க. இத நான் குரூப்ல போடப் போறேன்."

"வேணாம்ங்க."

"நீங்க சும்மா இருங்க. நாலு பேருக்குத் தெரியணும்ல?" என்று போட்டே விட்டார். அழுத்திச் சொன்னால் கேட்பார் என்று எனக்குத் தெரியும், நானும் அழுத்திச் சொல்லவில்லை. நாங்கள் தோசை சாப்பிட்டு முடிப்பதற்குள் டிங் டிங் என்று வந்துகொண்டே இருந்தது. கைதட்டுகிற பொம்மை, அழுகிற பொம்மை. 'ஏழைகளின் நிலை இதுதான்' என்று ஒருவர். 'எடுத்தவருக்குப் பாராட்டுகள்' என்று ஒருவர். கொழுந்தன் எல்லாவற்றையும் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

அப்புறம் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணி, இதுல உங்க மூஞ்சி தெரியுது."

வாங்கிப் பார்த்தேன். அந்த வளைந்த கண்ணாடியில் நான் தெரிந்தேன். நெற்றியில் விபூதிப் பட்டை, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்த போன். திரையின் மூலையில் நோயாளி பெயர் வருகிற இடத்தில் சரியாக என் முகம் விழுந்து பெயரை மறைத்திருந்தது. எவ்வளவு பெரிசாக்கினாலும் பெயர் தெரியவில்லை. விபூதிதான் தெரிந்தது.

அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று தூக்கமே இல்லை. விடிந்ததும் இவரைக் கொழுந்தன் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வேண்டுதல் பாக்கி என்று சொல்லிக் கிள்ளை பஸ்ஸில் ஏறினேன். அதுவும் பொய்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

கிள்ளையில் இறங்கினால் பஸ் ஸ்டாப்பில் நாலைந்து பொம்பளைகள் மீன் குண்டான்களோடு சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கடலூர் ஆஸ்பத்திரிக்கு நேற்றுப் போன ஒரு அம்மாவைத் தேடுகிறேன் என்றேன்.

"பேரு என்னா?"

"தெரியாதும்மா."

"வூடு எங்க?"

"அதுவும் தெரியாது. கை அடிபட்டவங்க."

"இங்க யாருக்குத்தான் அடிபடல? ஆளு எப்பிடி இருப்பா?"

வேறு வழி தெரியாமல் போனை நீட்டினேன். முன்னால் நின்ற அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் குண்டானைக் கீழே வைத்துவிட்டாள். "அடி ஆத்தே! எலும்பக் காட்டி ஆளக் கேக்குறா பாருங்கடி! செத்தா எல்லாரும் இப்பிடித்தானே இருப்போம், நான் யாருன்னு சொல்ல?"

எல்லோரும் ஒரே சிரிப்பு. எனக்கு அழுகை முட்டியது. அதில் ஒருத்தி மட்டும் போனைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏய், சும்மா இருங்கடி. இங்க பாரு, வளையல்ல நாலு ஊக்கு. இது நம்ம டேங்காண்ட வூட்டுக்காரிதான். ஊக்கு வேணும்னா எல்லாரும் அவகிட்டதான ஓடுவோம்?"

"அட ஆமாம்! எறாக் கொட்டாயில வுழுந்தாளே!"

"பாத்தியா, எலும்பா போனாலும் ஊக்க வுட மாட்டா அவ" என்று முதலில் பேசியவள் சொல்ல, மறுபடி சிரித்தார்கள். ஆனால் அவளேதான் தண்ணீர் டேங்குப் பக்கம் கையைக் காட்டி, பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று பாதி தூரம் கூட வந்து வழி காட்டிவிட்டுப் போனாள்.

ஓடு வேய்ந்த சின்ன வீடு. வாசல்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் மூங்கில் பத்தை வைத்து முட்டையும் மருந்தும் பூசித் துணி சுற்றியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் திரும்பி வந்து, நாட்டுக் கட்டு கட்டுகிறவரிடம் போயிருக்கிறாள். விரல்கள் கறுத்துப் போயிருந்தன. என்னைக் கண்டதும் முதலில் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா! வாங்கக்கா. நல்லா இருக்கீங்களா? உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நான் பயந்தே பூட்டேன். உங்க வூட்டுக்காரரு முட்டி எப்படி இருக்கு?"

திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். "அவசரத்துல மறந்துட்டேன்மா" என்றேன்.

"மறதி யாருக்குத்தான் இல்ல" என்றாள்.

என்ன நடந்தது என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. டாக்டர் எழுந்து போகும் நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறாள். முறை வந்ததும் படம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே அறைக்குத் திரும்ப ஓடினால், அதற்குள் அந்தப் பெட்டி கறுப்பாகி நின்றுபோய், ஆள் வந்து பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். எப்போது சரியாகும் என்று அவருக்கே தெரியாதாம். அப்படியென்றால் அவள் கை, என்னிடம் மட்டும்தான் இருந்தது.

"கிளம்பும்மா, இப்பவே போவோம். பதினொரு மணிக்குள்ள போயிடலாம்" என்றேன். அவள் ஒரு கையால் முகம் கழுவினாள், வேறு புடவை மாற்ற நான் என்னால் ஆன உதவியைச் செய்தேன். ஊக்கு தேவைப்பட்டது. அவள் வளையலிலிருந்தே ஒன்றைக் கழற்றி நானே மாட்டிவிட்டேன். கிள்ளையிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர். பரங்கிப்பேட்டைப் பக்கம் வரும்போது பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போனில் சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அது அணைந்துவிடுமோ என்று வழியெல்லாம் திறந்து திறந்து பார்த்தேன், பார்ப்பதால் இன்னும் குறைகிறது என்றுகூடத் தோன்றவில்லை.

எக்ஸ்ரே அறைக் கதவில் 'இயந்திரம் பழுது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடலூரில் அன்றைக்கு எலும்பு உடைந்த ஏழைகள் எல்லோரும் அந்தத் தாளைப் படித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் படித்துவிட்டு உள்ளே போனோம். எங்களிடம் போட்டோ இருந்தது.

டாக்டர் என் போனை வாங்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். "யாரும்மா இது, பாதி உங்க முகமா இருக்குது" என்றார். அப்புறம், "நேத்து படத்தக் காட்டாம எங்க போயிட்டீங்க?" என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு சார்" என்றாள்.

மூங்கில் பத்தையை அறுத்து எடுத்தார்கள். எலும்பை இழுத்து நேராக்கும்போது அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். என் தோளில் அவள் தலை. அவள் இடது கை என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் இரண்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். நேற்றே காட்டியிருந்தால் கை முழுசாகச் சரியாகியிருக்குமா என்று வெளியே வரும்போது டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு கை வேலைக்கு வந்தது. ஆனால் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. சாவியைத் திருப்புகிற மாதிரித் திருப்பவேண்டிய எந்த வேலையும் அந்தக் கைக்கு வராது. இறால் உரிப்பது அந்தத் திருப்பல்தான். இப்போது அதே கொட்டகையில் கூடை தூக்குகிறாள், தரை கழுவுகிறாள். அவள் விழுந்த அதே தரை.

என் மகளுக்கு அடுத்த வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. நீ பதினோரு பிரதோஷம் தவறாமல் போனதற்குப் பலன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்கிறேன். ஈசன் கொடுத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்டித்திருந்தால்கூட இத்தனை தவிப்பு இருந்திருக்காது என்று சில நாள் தோன்றும்.

அவளோடு போக்குவரத்து விட்டுப்போகவில்லை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போதெல்லாம் "அக்கா, கண்டிப்பா வரணும்" என்று கூப்பிடுவாள். பெருமாளைச் சேவித்துவிட்டு அவள் வீட்டில் சாப்பிட்டு வருவேன். கடைசியாகப் போன மாசி மகத்தன்று, இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிமேல் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அவள் அடுப்படியில் இடது கையால் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் இலை முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னேன். அன்னைக்கு நான் மறக்கலம்மா, ஞாபகம் இருந்தும்தான் போனேன் என்றேன்.

அவள் திரும்பக்கூட இல்லை. "தெரியும்க்கா" என்றாள்.

அப்பளத்தை எடுத்து இலையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஆட்டோவாண்ட நின்னு நீங்க திரும்பிப் பாத்தீங்க. நான் மாடி ஜன்னல்ல நின்னு எடது கைய ஆட்டுனேன். உங்களுக்குத் தெரிஞ்சிதோ என்னமோ."

எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன் என்று மேலே எழுதினேனே, அப்போது ஜன்னலில் ஒரு கை ஆடியது. அதை அங்கே எழுத மனசு வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

"அப்புறம் ஏம்மா நான் வீட்டுக்கு வந்தப்ப ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டுட்டு?" என்று சிரித்தாள். "நீங்க ரோசப்பட்டு எழுந்து பூட்டா? படம் உங்க போன்ல இல்ல இருந்துது? கோவப்படுறதுக்கு அன்னிக்கி எனக்கு வசதி இல்லக்கா. சாப்புடுங்க, ஆறுது."

சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

அவள் அன்று வாசல்படியில் நலம் விசாரித்ததை ஐந்து வருஷமாக அவளுடைய பெருந்தன்மை என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அது ஒரு போனுக்குப் பயந்து, கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டது என்று அதுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெட்டி பழசு, வளைந்தது, நின்றுபோனது என்று என் கொழுந்தனும் அவர் குரூப்பில் இருந்தவர்களும் அத்தனை வருத்தப்பட்டார்களே, அந்தப் பெட்டி அவள் கையை மறைக்காமல்தான் காட்டியது. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் படம் இன்னும் எங்கெங்கோ சுற்றுகிறது. போன மாதம்கூட யாரோ எனக்கே அனுப்பியிருந்தார்கள். அடியில் புதிதாக ஏதோ எழுதி, வேறு ஏதோ ஊர்ப் பெயரைப் போட்டு, என் முகம் தெரிகிற மூலையை வெட்டியெடுத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வெட்டாத படம் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை போன் மாற்றியும் முதலில் அதைத்தான் மாற்றிக்கொண்டேன்.

படிக்கிறவர்கள் இதை யாருக்காவது சொல்வதென்றால் சொல்லுங்கள், நாலு பேருக்குப் போகட்டும். ஆனால் என்மேல் இரக்கப்பட்டு 'பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். நினைவிருந்தும் போனாள், ஜன்னலில் ஆடிய கையைப் பார்த்தும் போனாள் என்று, எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். இன்றைக்கும் பிரதோஷத்தன்று சன்னதியில் கை கூப்பும்போது, எனக்கு முன்னால் தூக்கியிருக்கிற அந்தக் கை பயப்படாதே என்று சொல்கிறதா, திரும்பி வா என்று கூப்பிடுகிறதா என்று தெரியாமல்தான் நிற்கிறேன்.